பிரிக்காத பொட்டலம்

போன ஆடியில் நம் கோயிலில் கரகம் புறப்பட்ட நேரம் நான் வாசலுக்கு வெளியே, செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்றுகொண்டிருந்தேன். உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள். "மகேசு ஏன் உள்ளுக்கு வரல?" என்று இரண்டு பேர் கேட்டார்கள். தலைவலி என்றேன். பொய். அம்மன் முகத்தைப் பார்க்க எனக்குப் பிடிக்கவில்லை. உள்ளே போனால் வாய்க்கு வந்ததைச் சொல்லிவிடுவேன் என்று பயந்துதான் வெளியே நின்றேன்.

அப்படி நின்றவளிடம் இந்த வருடத் திருவிழா மலருக்கு அனுபவம் எழுதித் தரச் சொல்கிறார்கள். அம்மனுக்கு விளையாட்டு அதிகம். நான் எழுதுகிற ஆள் இல்லை. பஜாரில் துணிக்கடைக்கு மேல்மாடியில் மெஷினில் உட்கார்ந்து பள்ளிக்கூடச் சட்டை தைக்கிறவள். நடந்ததை நடந்தபடி சொல்கிறேன். எனக்கு அலங்காரம் வராது. கோபத்தை மறைக்கவும் வராது. இரண்டையும் அடியார்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

நான் பிறந்தது டயகமப் பக்கம் ஒரு தோட்டத்தில். கலியாணம் கட்டி வந்தது இந்த டவுனுக்கு. மாமனார் டவுனில் தெருக் கூட்டியவர். அவருக்குக் கொடுத்த லயக் காம்பராவில்தான் நாங்களும் குடியிருந்தோம். பஜாருக்குப் பின்னால், ஆற்றைப் பார்த்த மாதிரி இருந்த அந்தப் பழைய லயத்தை உங்களுக்குத் தெரியும். ஒரே வரிசை, ஒரே கூரை, குடும்பத்துக்கு ஒரு காம்பரா. என் கணவர் சிவலிங்கம் கொழும்பில் ஒரு சாப்பாட்டுக் கடையில் ரொட்டி போடுகிறார். மாதத்துக்கு ஒரு முறை வருவார், லீவு கிடைத்தால். மகள் ஒருத்தி, தர்ஷினி. அவளுக்குப் பள்ளிக்கூடத்தில் விலாசம் எழுதச் சொன்னால் என் முதலாளியின் கடை விலாசத்தைத்தான் எழுதுவாள். லயத்துக்கு ஏது விலாசம்? தபால்காரர் கடையில் கொடுத்துவிட்டுப் போவார், முதலாளி நினைவு வந்தால் தருவார்.

லயத்துச் சுவர் கூரை வரைக்கும் போகாது. மேலே ஒரு முழத்துக்கு இடைவெளி இருக்கும். பக்கத்துக் காம்பராவில் இருமினால் இங்கே கேட்கும். எங்களுக்குப் பக்கத்துக் காம்பராவில் இருந்தவர் பாக்கியம் அக்கா.

அக்காவைப் பற்றிச் சொல்லாமல் என் கதையைச் சொல்ல முடியாது. நான் புதுப்பெண்ணாக வந்த அன்று தண்ணீர்க் குழாயில் எனக்கு இடம்பிடித்துக் கொடுத்தவர் அவர்தான். தர்ஷினி பிறந்தபோது கணவர் கொழும்பில். ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனது, பிள்ளையை முதலில் கையில் வாங்கியது, பத்தியக் குழம்பு வைத்துச் சுவருக்கு மேலால் நீட்டியது எல்லாம் அக்கா. அவருக்கு மூன்றும் பெண்பிள்ளைகள். மூத்தவளைப் பூண்டுலோயாவில் கட்டிக் கொடுத்திருந்தார். வெள்ளிக்கிழமை பஜனையில் அவர் பாட்டெடுத்தால்தான் எங்களுக்கெல்லாம் பின்பாட்டு வரும். அந்தக் குரலைக் கேட்டு நான் அழுதிருக்கிறேன். கூடப் பிறந்தவள் இல்லையே தவிர, மற்ற எல்லாம் அவர்தான் எனக்கு.

அந்த நேரத்தில்தான் டவுனில் வீட்டுத் திட்டம் வந்தது. வாடகைக்கும் தயவுக்கும் குடியிருக்கிறவர்களைச் சொந்த வீட்டுக்காரர்கள் ஆக்கப் போகிறார்களாம். லயத்தை இடித்துவிட்டு, மேட்டில் காணி அளந்து, குடும்பத்துக்கு ஒரு வீடு. வீட்டு உறுதிப் பத்திரம் கணவன் மனைவி இரண்டு பேர் பெயரிலும் வரும். சாமான் அவர்கள் தருவார்கள், உழைப்பு நாங்கள் போட வேண்டும். மண்டபத்தில் கூட்டம் வைத்து ஒரு ஐயா பேசினார். மனுசனுக்குச் சொந்த வீடு இருந்தால்தான் தன் தெருவைத் தானே சுத்தமாக வைத்திருப்பான், டவுன் முன்னேறும் என்றார். எல்லோரும் கைதட்டினார்கள். எனக்குச் சிரிப்பு வந்தது. இந்த டவுனை இத்தனை காலமும் சுத்தமாக வைத்திருந்ததே எங்கள் லயம்தானே? சொந்தமாக ஒரு ஆணி அடிக்க உரிமை இல்லாதவர்கள்தானே உங்கள் கடைவாசலை எல்லாம் கூட்டினோம்? ஆனாலும் நானும் கைதட்டினேன். ஆசை யாரை விட்டது? அன்று சாயங்காலமே தர்ஷினி தன் பள்ளிக்கூடக் கொப்பியின் பின்பக்கத்தில் எங்கள் பெயரை எழுதி, அதற்குக் கீழே வீட்டு இலக்கத்துக்கு இடம் விட்டு வைத்தாள்.

லயத்தில் எட்டுக் குடும்பம். மேட்டில் எட்டு இடம் அளந்து கயிறு கட்டினார்கள். பிறகு மண்சரிவு பார்க்கிறவர்கள் வந்தார்கள். ஓரத்து இடத்தில் கட்டக்கூடாது, மழைக்கு இறங்கிவிடும் என்று சொல்லிக் கயிற்றை அவிழ்த்துவிட்டுப் போனார்கள். இடம் ஏழானது. லயத்தின் தொங்கலில் இருந்த இரண்டு குடும்பங்கள்தான் வரிசையில் கடைசி. அதாவது பாக்கியம் அக்கா வீடும் எங்கள் வீடும். இரண்டு பேருக்கும் ஒரே வீடு.

வீட்டுத் திட்டத்துக்குப் பொறுப்பாக இருந்தவர் ஒரு சிங்கள மிஸ். நல்ல மனுஷி, என்னை நங்கி, அதாவது தங்கச்சி, என்றுதான் கூப்பிடுவார். இரண்டு குடும்பமும் முதலில் பேசிப் பாருங்கள், முடியாவிட்டால் நான் தீர்த்து வைக்கிறேன் என்றார். ஆனால் லயத்தில் வேறு பேச்சு பரவியது. அக்காவின் கணவர் ராசையா அண்ணன் வந்து சொன்னார்:

"சண்டை கிண்டைன்னு போனா மிஸ் மொத்தத் திட்டத்தையுமே வேற டவுனுக்கு மாத்திருவாங்களாம். நம்ம ரெண்டு வீட்டால மத்தவங்க நடுத்தெருவுல நிக்கவா?"

மற்றவர்கள் பயந்துபோனார்கள். என்னைப் பார்க்கிற கண்ணே மாறியது. அப்போது அக்காதான் சொன்னார், "மனுசன் தீத்தா மனஸ்தாபம் வரும். அம்மாகிட்டயே கேட்டுருவோம்" என்று.

நம் கோயிலில் வாக்குக் கேட்பது எப்படி என்று உங்களுக்குத் தெரியும். தெரியாத பிள்ளைகளுக்காகச் சொல்கிறேன். ஒரு தாளில் குங்குமம், இன்னொரு தாளில் திருநீறு. இரண்டையும் ஒரே மாதிரி மடித்து, மஞ்சள் நூலால் கட்டி, அம்மன் காலடியில் போடுவார்கள். ஒரு சின்னப் பெண்பிள்ளை ஒன்றை எடுத்துக் கொடுக்கும். பிரித்துப் பார்த்தால் அம்மன் வாக்கு. எடுக்காத பொட்டலத்தைப் பிரிக்கக்கூடாது. அது அம்மன் சொல்லாத சொல், அதைத் தோண்டிப் பார்க்க நமக்கு உரிமை இல்லை என்பார்கள். அப்படியே ஆற்றில் விட்டுவிட வேண்டும்.

பங்குனியில் ஒரு வெள்ளிக்கிழமை கேட்டோம். குங்குமம் வந்தால் வீடு எனக்கு. திருநீறு வந்தால் அக்காவுக்கு. பொட்டலத்தை யார் கட்டுவது என்று பூசாரி கேட்டார். நானே வாய்விட்டுச் சொன்னேன், "அக்காவே கட்டட்டும். அக்கா கட்டினா அம்மா கட்டின மாதிரி." எல்லோருக்கும் மனம் நிறைந்துவிட்டது. அக்கா என் குங்குமச் சிமிழைத்தான் கேட்டு வாங்கினார். "ஒன் கையால வச்ச குங்குமமே இருக்கட்டும் மகேசு" என்றார். தூணுக்கு அந்தப் பக்கம் திரும்பி உட்கார்ந்து கட்டினார்.

பிள்ளை எடுத்துக் கொடுத்தது. பூசாரி பிரித்தார். திருநீறு.

நான் அழுதேன். ஆனால் முறையிடவில்லை. அம்மன் சொன்ன பிறகு நான் யார்? அக்கா என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டு என்னைவிடச் சத்தமாக அழுதார். அவரைத் தேற்றியதே நான்தான். ஒன்று மட்டும் பூசாரியிடம் கேட்டேன். எனக்கு வராத குங்குமம் அம்மன் காலடியில் கிடந்ததுதானே, அந்தப் பொட்டலத்தை எனக்குத் தாருங்கள், வீட்டில் படத்துக்கு முன்னால் வைத்துக்கொள்கிறேன் என்றேன்.

"அதெல்லாம் கூடாதுடி, ஆத்துல விட்டுறணும்" என்று அக்கா சட்டென்று சொன்னார்.

"பிரிக்க மாட்டேங்க்கா. சும்மா வச்சுக்கிறேன்."

பூசாரிக்கு என் முகத்தைப் பார்க்கப் பாவமாக இருந்திருக்கும். எடுத்துக் கொடுத்துவிட்டார்.

கணவருக்குப் போன் எடுத்துச் சொன்னேன். எல்லாவற்றையும் திருப்பிச் சொல்லச் சொன்னார். பிறகு, "ரெண்டு பொட்டலத்தையும் அவங்களேயா கட்டினாங்க?" என்று கேட்டார்.

எனக்கு வந்ததே கோபம். "கொழும்புத் தண்ணி குடிச்சுக் குடிச்சு ஒங்களுக்குச் சந்தேகப் புத்தி வந்துருச்சு. அக்காவப் பத்தி இன்னொரு வார்த்த பேசினா நான் போன வச்சிருவேன்" என்றேன். சொன்னபடி வைத்தும்விட்டேன்.

மறுநாளே மிஸ்ஸிடம் போய், நாங்கள் விட்டுக்கொடுக்கிறோம் என்று சொன்னேன். அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். "நங்கி, ஒங்க மஹத்தயாவும் வந்து சொல்லணும். ரெண்டு பேரும் சேந்து சொன்னாத்தான் எடுப்பேன்" என்றார். சரி, கணவரை வரச் சொல்கிறேன் என்று வந்தேன். அங்கேதான் அம்மன் வேலையைத் தொடங்கினாள். எனக்கு அப்போது அது தெரியவில்லை. கணவருக்கு லீவு கிடைக்கவே இல்லை. சித்திரை வருடப் பிறப்புக்குக்கூட அவரை முதலாளி விடவில்லை. வைகாசியில் வருகிறேன் என்றார், கூட வேலை செய்த பையனுக்குக் கை சுட்டுவிட்டது. ஆனியில் வருகிறேன் என்றார், அதுவும் இல்லை. "அம்மா, அவருக்கு ஒரு நாள் லீவு வாங்கிக் கொடு. வந்து சொல்லிவிட்டுப் போகட்டும். இந்த இழுபறி முடியட்டும்" என்று தினமும் விளக்கு வைத்து வேண்டினேன். மனம் உருகித்தான் வேண்டினேன். அம்மன் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை.

அதற்குள் மேட்டில் வேலை தொடங்கிவிட்டது. ஏழு வீட்டுக்கும் எல்லாக் குடும்பமும் சிரமதானம். வீடு கிடைக்காத எங்களை யாரும் கூப்பிடவில்லை. நானாகப் போனேன். ஞாயிற்றுக்கிழமை ஒன்றுதான் எனக்கு ஓய்வு. அந்த ஞாயிறு முழுக்க மழையில் நனைந்துகொண்டு சீமெந்துக் கல் தூக்கினேன். யார் வீட்டுக்கு? பாக்கியம் அக்கா வீட்டுக்கு. குசினி ஜன்னல் ஆற்றுப் பக்கம் இருக்கட்டும் அக்கா, வெளிச்சம் நல்லா வரும் என்று இடம் காட்டியதும் நான்தான். அக்கா எனக்கு இஞ்சி போட்டுத் தேத்தண்ணி ஊற்றிக் கொடுப்பார். என் கையில் காய்த்துப்போன இடத்தைத் தடவிக் கொடுப்பார். அந்தத் தேத்தண்ணியின் ருசி இன்னும் நாக்கில் இருக்கிறது. இப்போது நான் தேத்தண்ணியில் இஞ்சி போடுவதே இல்லை.

ஆடி பிறந்தபோது லயத்தைக் காலி பண்ணச் சொல்லிவிட்டார்கள். ஆவணிக்குப் பிறகு இடிப்பு. வீடு கிடைக்காதவர்கள் தங்களுக்குத் தாங்களே ஒரு இடம் பார்த்துக்கொள்ள வேண்டுமாம், அடுத்த கட்டத்தில் ஏதாவது செய்வார்களாம். அடுத்த கட்டம் எப்போது என்று யாருக்கும் தெரியாது. டவுனில் வாடகைக்கு அறை கேட்டுப் போனேன். லயத்து ஆள் என்று தெரிந்ததும் ஆள் வருகிறார்கள், சொந்தக்காரர் வருகிறார்கள் என்று கதவைச் சாத்தினார்கள். டயகமவில் அண்ணனைக் கேட்டேன். அவர் காம்பராவிலேயே மூன்று குடும்பம். "நீ வந்தா எங்க படுப்ப?" என்று அண்ணி கேட்டார். கேட்டதில் தப்பும் இல்லை.

ஒரு சாயங்காலம் படத்துக்கு முன்னால் உட்கார்ந்து சத்தம்போட்டே அழுதேன். "ஏன்டி தாயே, நான் ஒனக்கு என்ன கொற வச்சேன்? ஏழு பேருக்கு வீடு குடுக்க மனசு வந்துச்சு. எனக்கு மட்டும் வரலையா? எம்புள்ளைய எங்க கூட்டிட்டுப் போவேன்?" என்று கேட்டேன். படத்துக்கு முன்னால் அந்தப் பொட்டலம் மஞ்சள் நூல் கட்டியபடியே இருந்தது. அதைப் பார்த்துத்தான் அழுதேன். கையில் எடுத்துக்கூட அழுதேன்.

சுவருக்கு மேலே இடைவெளி இருந்தது என்று சொன்னேன் அல்லவா. அந்தப் பக்கத்தில் அக்கா இருந்தார். பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த சத்தம் நின்றது. நான் அழுது முடியும்வரை ஒரு சத்தமும் இல்லை. பிறகு மறுபடியும் பாத்திரச் சத்தம் கேட்டது. அக்கா என் துக்கத்துக்கு மரியாதை கொடுக்கிறார் என்று அப்போது நினைத்துக்கொண்டேன்.

அதற்கு அடுத்த நாட்களில்தான் நான் கோயில் வாசலில் செருப்போடு நின்றது.

ஆவணியில் நல்ல நாள் பார்த்து அக்கா பால் காய்ச்சினார். உறுதி கையில் வரவில்லைதான், ஆனாலும் முதலில் அடுப்பு மூட்டிவிட வேண்டும் என்று ராசையா அண்ணனுக்கு அவசரம். என்னை அக்கா வந்து கையைப் பிடித்துக் கூப்பிட்டார். "நீ வராம அடுப்புப் பத்தாதுடி." அன்று காலையில் குளித்து நல்ல சேலை கட்டினேன். கண்ணாடியைப் பார்த்தால் என் முகம் எனக்கே பிடிக்கவில்லை. பொறாமை அப்படியே அப்பிக்கிடந்தது. இந்த முகத்தோடு ஒரு சுபகாரியத்துக்குப் போகக்கூடாது என்று நினைத்தேன். அம்மன் எனக்குக் கொடுக்காத குங்குமத்தில் ஒரு துளி எடுத்து நெற்றியில் வைத்துக்கொண்டு, மனதைத் துடைத்துவிட்டு, அக்காவை வாழ்த்திவிட்டு வருவோம் என்று தோன்றியது. பிரிக்கக்கூடாததுதான். மன்னித்துக்கொள் தாயே என்று கேட்டுக்கொண்டேதான் நூலை அவிழ்த்தேன்.

உள்ளே திருநீறு.

எனக்கு உடனே புரியவில்லை. குங்குமம் வெளுத்துவிட்டதா என்றுகூட ஒரு கணம் நினைத்தேன், அவ்வளவு மடச்சி நான். விரலால் தொட்டேன். மூக்குக்கிட்டக் கொண்டுபோனேன். திருநீறு. இரண்டு பொட்டலத்திலும் திருநீறு. எந்தப் பிள்ளை எதை எடுத்திருந்தாலும் எனக்கு வீடு வந்திருக்காது.

பிறகு ஒரு விஷயம் தோன்றியது. அம்மன் எனக்கு இல்லை என்று சொல்லவே இல்லை. அவளை யாரும் கேட்கவே இல்லை. நான் மாதக்கணக்கில் யாரைத் திட்டினேனோ அவளையும் சேர்த்துத்தான் ஏமாற்றியிருக்கிறார்கள். நான் அழுது வேண்டிய அத்தனை நாளும் பதில் என் கண்ணுக்கு முன்னால் நூல் கட்டிக் கிடந்திருக்கிறது. படத்துக்கு முன்னால் விழுந்து கும்பிட்டேன். ஆடியில் வெளியே நின்றதற்கும் சேர்த்துக் கும்பிட்டேன்.

பொட்டலத்தைத் திரும்ப மடித்துக் கையில் வைத்துக்கொண்டு மேட்டுக்கு ஏறினேன்.

நான் தூக்கிய கல்லில் கட்டிய குசினி. நான் காட்டிய இடத்தில் ஜன்னல். அடுப்பில் புதுப்பானையில் பால். லயத்து ஆட்கள் எல்லோரும் இருந்தார்கள். அக்கா குங்குமத் தட்டை என்னிடம் நீட்டினார். நான் எடுக்கவில்லை. கையை விரித்துப் பொட்டலத்தைக் காட்டினேன்.

"அக்கா, இதுல என்ன இருக்குதுன்னு சொல்லுங்க."

அவர் முகம் போன போக்கைப் பார்த்த பிறகு எனக்கு வேறு சாட்சி தேவைப்படவில்லை. ஆனாலும் கேட்டேன். "நான் ஒங்க கூட பொறந்தவ இல்லையாக்கா?"

"மகேசு, எனக்கு மூணும் பொம்பளப் புள்ளைங்கடி" என்றார். "ரெண்டாவதப் பாக்க வந்தவங்க சொந்த வீடு இருக்கான்னுதான் மொதல்ல கேட்டாங்க. ஒனக்கு ஒண்ணுதான். ஒம்புருஷன் கொழும்புல சம்பாதிக்கிறாரு. நீ எப்புடியாச்சும் பொழச்சுக்குவ. பாவம் வந்தா எந்தலையோட போகட்டும்னு நெனச்சேன்."

"நான் சத்தம்போட்டு அழுதேனே. கேட்டீங்களாக்கா?"

"கேட்டேன்" என்றார்.

பால் பொங்கி வழிந்து அடுப்பை அணைத்தது. யாரும் அதைப் பார்க்கவில்லை. அடிப்பிடித்த வாசனை வந்த பிறகுதான் ஒருத்தர் பானையை இறக்கினார். ராசையா அண்ணன் ஏதோ கத்திக்கொண்டிருந்தார், எனக்கு எதுவும் காதில் ஏறவில்லை. என்னிடம் நேராகக் கேட்டிருந்தால் வீட்டை விட்டுக்கொடுத்திருப்பேனா? மாட்டேன். பெரிய மனுஷி மாதிரி பொய் சொல்ல விரும்பவில்லை. சண்டை போட்டிருப்பேன், லயமே அதிரப் போட்டிருப்பேன். ஆனால் அது இரண்டு பேருக்கும் தெரிந்த சண்டையாக இருந்திருக்கும். அடுத்த வாரம் சுவருக்கு மேலால் குழம்பு கேட்டிருப்பேன். இவர் அம்மன் வாயில் தன் சொல்லை வைத்து என்னிடம் பேசினார். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

போன் எடுத்தேன். முன்பு சந்தேகப்பட்டதற்காகக் கணவர் என்னைக் குத்திக்காட்டவில்லை. "வாறேன்" என்றார். அத்தனை மாதம் கிடைக்காத லீவு அன்று கேட்ட உடனே கிடைத்தது. இதை எழுதும்போதும் எனக்கு உடம்பு சிலிர்க்கிறது.

இரண்டு பேருமாக மிஸ்ஸைப் பார்த்தோம். பயந்துகொண்டேதான் போனேன். நானே வாயால் விட்டுக்கொடுத்துவிட்டேனே. மிஸ் எல்லாவற்றையும் கேட்டுவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"நங்கி, கோயில்ல பாத்து வீடு குடுக்க எனக்கு ஏலாது. ஒங்க மஹத்தயா இன்னிக்கு வரைக்கும் வந்து சொல்லவே இல்லயே? நீங்க தனியா விட்டுக்குடுத்தது செல்லாது. அந்த வீடு இன்னும் யாருக்கும் எழுதல."

அடியார்களே, இதைக் கவனியுங்கள். நான் உருகி உருகி எதை வேண்டினேனோ அதை அம்மன் கொடுத்திருந்தால் என் வீடு போயிருக்கும். ஒரு நாள் லீவுக்காக அழுதேன். அந்த ஒரு நாளை அவள் கொடுக்காமல் பிடித்து வைத்துக்கொண்டிருந்தாள். என் வேண்டுதலைத் தள்ளித்தான் என்னைக் காப்பாற்றியிருக்கிறாள்.

அந்த வாரம் வெள்ளிக்கிழமை லயத்து ஆட்கள் கூடினார்கள். மறுபடியும் கேட்போம், இந்த முறை பூசாரி எல்லோர் முன்னாலும் கட்டட்டும் என்று முடிவானது. என் பக்கம் நாங்கள் இரண்டு பேரும் வந்தோம். ராசையா அண்ணன் வந்தார். பாக்கியம் அக்காவும் வந்தார், ஆனால் உள்ளே வரவில்லை. ஆடியில் நான் நின்ற அதே இடத்தில், வாசலுக்கு வெளியே நின்றார். பூசாரி கூப்பிட்டார். ராசையா அண்ணன் அதட்டிக் கூப்பிட்டார். அக்கா தலையை ஆட்டினார்.

"நான் அம்மா முன்னால வர மாட்டேன். கேக்க வேணாம். அவளுக்கே குடுங்க" என்றார். முந்தானையில் முடிந்திருந்த சாவியை அவிழ்த்து வாசற்படியில் வைத்தார். என் கையில் தரவில்லை. திரும்பிப் பார்க்காமல் போய்விட்டார். மறுநாள் புருஷனையும் கூட்டிக்கொண்டு மிஸ்ஸிடமும் போய், வீடு வேண்டாம் என்று சொல்லியிருக்கிறார்.

தையில் உறுதி வந்தது. சிவலிங்கம் பெயரும் மகேஸ்வரி பெயரும் சேர்ந்து. தர்ஷினி கொப்பியில் விட்டு வைத்திருந்த இடத்தில் இலக்கத்தை எழுதினாள். முதல் தபாலாக மின்சார பில் வந்தது. பில்லைப் பார்த்துச் சந்தோஷப்பட்ட குடும்பம் இந்த டவுனில் நாங்கள் ஒன்றுதான் இருப்போம். இப்போது ஆணி அடிக்க நான் யாரையும் கேட்பதில்லை. தேவை இல்லாத இடத்திலும் இரண்டு அடித்து வைத்திருக்கிறேன்.

அக்கா குடும்பம் பூண்டுலோயாவில் மூத்த மகளோடு இருக்கிறது. இரண்டாவதற்கு இன்னும் அமையவில்லையாம். பஜனையில் இப்போது பாட்டெடுக்க ஆள் இல்லை, ஆளுக்கொரு சுருதியில் பாடுகிறோம். புது வீட்டில் சுவர் கூரை வரைக்கும் போகிறது. பக்கத்து வீட்டில் என்ன நடக்கிறதென்றே தெரிவதில்லை. முதல் மாதம் முழுக்க அந்த அமைதியில் எனக்குத் தூக்கம் வரவில்லை. அம்மன் எனக்கு வீடு கொடுத்தாள். அவள் கொடுத்ததற்கு நன்றி சொல்லி முடியாது. ஆனால் எனக்கு ஒரு அக்கா இருந்தார், அவர் போய்விட்டார் என்பதையும் அவள் முன்னால் தினமும் சொல்லத்தான் செய்கிறேன்.

வீடில்லாமல், வழியில்லாமல் இதைப் படிக்கிறவர்கள் இருந்தால் சொல்கிறேன். அம்மனை விட்டுவிடாதீர்கள். கோபம் வந்தால் திட்டுங்கள், வாசலில் நில்லுங்கள், ஆனால் விளக்கை மட்டும் நிறுத்தாதீர்கள். அவள் இல்லை என்று சொல்லிவிட்டாள் என்று யாராவது வந்து சொன்னால், அவளிடமே ஒரு முறை கேட்டுப் பாருங்கள். அவளை நம்புங்கள். பொட்டலம் கட்டுகிற கையை மட்டும் கொஞ்சம் பார்த்துக்கொள்ளுங்கள்.

அந்தத் திருநீறு இன்னும் என்னிடம் இருக்கிறது. பொய்யாகக் கட்டியதுதான், ஆனாலும் அம்மன் காலடியில் கிடந்தது. ஆற்றில் விட மனம் வரவில்லை. தினமும் காலையில் ஒரு துளி எடுத்து நெற்றியில் வைக்கிறேன். அது தீருகிற அன்று பூண்டுலோயாவுக்கு பஸ் ஏறி, அக்காவைப் போய்ப் பார்ப்பது என்று நேர்ந்துகொண்டிருக்கிறேன். அவசரம் ஒன்றும் இல்லை, மனம் இன்னும் ஆறவில்லை என்று கணவரிடம் சொல்லி வைத்திருக்கிறேன். முந்தாநாள் தர்ஷினி என் முகத்தைப் பார்த்துவிட்டு, "என்னாம்மா, இப்பல்லாம் நெத்தி நெறையப் பூசுறீங்க?" என்று கேட்டாள்.